ஐந்தாவது ஆள்

பார்த்த கையோடு மறந்துபோயிருக்க வேண்டிய படம். 'குரோன் அப்ஸ் 2', 2013இல் வந்தது. 2024 மே மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, தவளக்குப்பம் பக்கம் சுண்ணாம்பாற்றை ஒட்டிய ஒரு விடுதி அறையில், டிவியில் அதைப் போட்டுவிட்டது நெய்வேலிக்காரன். "ஸ்கூல் ஃபிரண்ட்ஸ் படம்டா, நம்ம கதைதான், பாரு" என்று சொல்லிவிட்டு ஐந்தாவது நிமிடத்தில் குறட்டைக்குப் போய்விட்டான். ரிமோட் அவன் முதுகுக்கு அடியில். அவனைப் புரட்டிப் போட்டு ரிமோட்டை எடுக்கும் தெம்பு எனக்கு இல்லை. ஆகவே முழுப் படத்தையும் பார்த்தேன். உலகத்தில் பாதிப் பேர் அந்தப் படத்தை இப்படித்தான் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

படம் மோசம், அதில் சந்தேகமில்லை. தொடங்கியதுமே கதாநாயகனின் படுக்கையறைக்குள் ஒரு மான் புகுந்து அவர் மேலேயே மூத்திரம் பெய்கிறது. இனி வரப்போவது இந்தத் தரம்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அந்த நேர்மையை வேண்டுமானால் பாராட்டலாம். ஏப்பம், தும்மல், அப்புறம் அந்த மூன்றாவது சத்தம், மூன்றையும் ஒரே மூச்சில் விடுவது கெவின் ஜேம்ஸின் தனித்திறமை. பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடும் கடைசி நாள் காலையில் தொடங்கி, அன்று ராத்திரி வீட்டில் நடக்கும் ஒரு விருந்தோடு எல்லாம் முடிகிறது. நடுவில் கதை என்று ஒன்றும் கிடையாது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மோசமான படங்களுக்கென்றே கொடுக்கும் கோல்டன் ராஸ்பெரி விருதுப் பட்டியலில் பல பிரிவுகளில் இதன் பெயர் இருந்தது. ஆனால் 8 கோடி டாலர் போட்டு எடுத்து, 24 கோடி டாலருக்கு மேல் அள்ளினார்கள். ஆடம் சாண்ட்லர் அதுவரை எந்தப் படத்துக்கும் இரண்டாம் பாகம் எடுத்தவரில்லை. எத்தனையோ படம் இருக்க, முதன்முதலில் எடுத்தது இதற்குத்தான்.

இதெல்லாம் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. 2010இல் வந்த முதல் பாகத்தில் நண்பர்கள் ஐந்து பேர். 1978இல் பள்ளிக்கூடக் கூடைப்பந்துப் போட்டியில் ஜெயித்த பையன்கள். முப்பது வருடம் கழித்து அவர்களுடைய பயிற்சியாளர் இறந்துபோகிறார். சாவுக்கு வந்தவர்கள் குடும்பம் குட்டியோடு ஒரு ஏரிக்கரை வீட்டில் சில நாள் தங்குகிறார்கள். சாண்ட்லர், கெவின் ஜேம்ஸ், கிறிஸ் ராக், டேவிட் ஸ்பேட், ராப் ஷ்னைடர். இரண்டாம் பாகத்தில் நான்கு பேர்தான். ராப் ஷ்னைடர் இல்லை. நடிகர் வரவில்லை, சரி, சினிமாவில் நடப்பதுதான். ஆனால் கதைக்குள் அந்த ஐந்தாவது ஆள் எங்கே போனான் என்று ஒருத்தர் கேட்க வேண்டாமா? வெளியூர் போயிருக்கிறான், மாமியாருக்கு உடம்பு சரியில்லை, இப்படி ஒரு சால்ஜாப்பு கிடையாது. பிறந்ததிலிருந்தே நான்கு பேர்தான் என்பது போலச் சிரித்துக்கொண்டே போகிறார்கள். முதல் படத்தைப் பார்க்காதவர்களுக்கு அங்கே ஒரு ஆள் குறைவது தெரியவே தெரியாது.

எழுந்து உட்கார்ந்து அறையில் கிடந்தவர்களை எண்ணினேன். என்னையும் சேர்த்து நான்கு.

முதல் பாகம்

2018 அக்டோபரில் '96' வந்தது. தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 22 வருடம் கழித்துக் கூடுகிற படம். அந்த வருடக் கடைசிக்குள் தமிழ்நாட்டில் வாட்ஸப் குழு இல்லாத 'பேட்ச்' ஒன்று மிச்சமிருந்திருக்காது. எங்களுடையது 1993, மஞ்சக்குப்பத்தில் ஒரு பையன்கள் பள்ளிக்கூடம். ஜானு வர வாய்ப்பே இல்லை என்று தெரிந்தும் எல்லோரும் ஆளாகப் பறந்தார்கள். 2019 பொங்கல் விடுமுறையில் பள்ளிக்கூட மண்டபத்திலேயே கூடினோம். நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள், பாதிப் பேர் மனைவி பிள்ளைகளோடு. இறந்துபோன மூன்று பேருக்கும் இரண்டு வாத்தியார்களுக்கும் மௌன அஞ்சலி. உயிரோடிருந்த வாத்தியார்களுக்கு சால்வை, பழத்தட்டு. கணக்கு வாத்தியார் காலில் விழுந்து எழுந்த பண்ருட்டியான் உண்மையாகவே அழுதான். அவனுக்கு 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் முந்திரித் தோப்பு முழுக்கச் சாய்ந்தபோதுகூட அவ்வளவு அழுதிருக்க மாட்டான் என்று நினைத்தேன். பிறகு, அன்று அவன் அழுததைப் பார்க்க எங்களில் யாரும் அங்கே இல்லையே என்பதும் நினைவுக்கு வந்தது.

கடைசிக்கு முந்தின பெஞ்ச் எங்களுடையது. பண்ருட்டியான், நெய்வேலிக்காரன், புதுப்பாளையத்தான், நான், அப்புறம் ஓ.டி. பையன். கடலூர்க்காரர்களுக்கு ஓ.டி. என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு, கடலூர் முதுநகர். பழைய ஊர், துறைமுகம், உப்பனாறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு. அவன் அப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். நெத்திலி, காரப்பொடி, வாளை, திருக்கை என்று வாங்கி, உப்புப் போட்டுக் காயவைத்து மூட்டை கட்டி சந்தைகளுக்கு அனுப்புவார். பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முன் பையன் ஒரு சுற்று மீனைப் புரட்டிப் போட்டுவிட்டு வருவான். ஐப்பசி கார்த்திகையில் மழை வந்தால் ஓடிப்போய் வாரிக் கட்ட வேண்டும். நனைந்தால் புழு வைத்துவிடும். அந்த மாதங்களில் அவன் நிறைய லீவு போடுவான்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் மைக் பிடிக்கப்போகிறவன் எனக்குப் போன் செய்தான். ஒவ்வொருத்தனையும் பட்டப்பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிடலாம், சரியான கலாட்டாவாக இருக்கும், நீதானே பாதிப் பேருக்குப் பேர் வைத்தவன், பட்டியல் போட்டுக் கொடு என்றான். எனக்கு அதில் பெருமைதான். உட்கார்ந்து யோசித்து எழுதினேன். தவளை, ஒட்டடைக்குச்சி, மொட்டை, அரைடிக்கெட். இருபத்தாறாவதோ இருபத்தேழாவதோ வரியில் 'கருவாடு' என்று எழுதினேன். எழுதும்போது பேனா ஒரு நொடிகூட நிற்கவில்லை. அதை இப்போது எத்தனை முறை யோசித்துப் பார்த்தாலும் நிற்கவில்லை.

மேடையில் அந்தப் பெயர் வந்தபோது மண்டபமே சிரித்தது. மற்றவர்களுக்குச் சிரித்ததைவிடக் கூடுதலாகச் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒட்டடைக்குச்சிக்கும் இதே சிரிப்புதான். அவனும் சிரித்துக்கொண்டே வந்தான், இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக் கும்பிட்டான், சால்வை வாங்கிக்கொண்டு இறங்கினான். வெள்ளைச் சட்டை, புதிதாகப் பெட்டி போட்டது. அவனுக்குக் கருவாட்டு வியாபாரம் இல்லை, அரசு அலுவலகத்தில் வேலை. வியாபாரத்தைத் தம்பி பார்க்கிறான். அவன் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கும். எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவன் வந்து உட்கார்ந்ததும், "ஏம்ப்பா கருவாடு?" என்று கேட்டாள். "சும்மா... பசங்க" என்றான். அவ்வளவுதான். சாம்பார் சாதம், தயிர் சாதம், கேசரி, குரூப் போட்டோ.

பதினோரு நாள் கழித்துக் குழுவில் அவன் எண்ணோடு 'வெளியேறினார்' என்று ஒரு வரி வந்தது. அதற்கு மேலே யாரோ போட்ட காலை வணக்கம், கீழே யாரோ போட்ட பெட்ரோல் விலை. "நம்பர் மாத்திட்டான் போல" என்று ஒருத்தன் எழுதினான். ஒரு கட்டைவிரல் விழுந்தது. அது நான் போட்ட கட்டைவிரல்.

யாரும் சாகாததால் பாண்டிச்சேரி

சந்திப்பு என்பது ஒரு முறைதான் தானாக நடக்கும் என்று தோன்றுகிறது. இருபத்தைந்து வருடம் பார்க்காமல் இருந்ததே முதல் தடவைக்குப் போதுமான காரணம். நரை, தொப்பை, வழுக்கை, "டேய் நீயா!" இதை வைத்தே ஒரு நாளை ஓட்டிவிடலாம். இரண்டாவது தடவைக்கு அந்த வசதி இல்லை. போன தடவை பார்த்த தொப்பைதான். அந்த அமெரிக்கப் படத்திலும் இதே சங்கடம்தான். முதல் பாகத்தில் ஒரு சாவு இருந்தது, எல்லோரும் ஓடி வரக் காரணம் இருந்தது. இரண்டாவதில் கதாநாயகன் குடும்பத்தோடு சொந்த ஊருக்கே குடிவந்துவிட்டான். தினமும் பார்த்துக்கொள்கிறவர்கள் சந்தித்துக்கொள்வதில் என்ன இருக்கிறது? அதனால்தான் மானைக் கூட்டிவந்திருக்கிறார்கள். நம் ஊரிலும் 2007இல் 'சென்னை 600028' என்று தெருக் கிரிக்கெட் பையன்களை வைத்து ஒரு படம் ஓடு ஓடென்று ஓடியது. 2016இல் இரண்டாவது இன்னிங்ஸ் வந்தபோது பையன்கள் கல்யாணமாகிப் பெண்டாட்டிக்குப் பயந்துகொண்டிருந்தார்கள். அதையும் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டியிருந்தது. எனக்கு அந்தப் படம் பிடிக்கும், அது வேறு விஷயம்.

எங்களுக்கு மான் கிடைக்கவில்லை, பாண்டிச்சேரி கிடைத்தது. கடலூரிலிருந்து ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலம் ஏறினாலே சில பேருக்குத் தாகம் தொடங்கிவிடும். குடும்பம் வேண்டாம், பழைய பெஞ்ச் மட்டும், ஒரு ராத்திரி என்று முடிவானது. இதில் எனக்கு அலைச்சலே கிடையாது. நான் இருப்பதே லாஸ்பேட்டையில். என் வீட்டிலிருந்து முதுநகருக்கு முப்பது கிலோமீட்டர் தேறாது. இதை இங்கே எழுதும்போதுதான் கூச்சமாக இருக்கிறது. 2004 சுனாமியில் உப்பனாற்றுக்கு அந்தப் பக்கம் வீடு வீடாகப் போனது. ஓ.டி. பையன் என்ன ஆனான் என்று நான் 2019 பொங்கலன்றுதான் கேட்டேன்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க முதல் பாகத்தின் வசனங்களையே திரும்பப் பேசினோம். கணக்கு வாத்தியாரின் ஸ்கூட்டர் டியூபைப் பிடுங்கிய கதை. அதையே 2019இலும் சொன்னோம், ஆனால் அப்போது ஸ்கூட்டர் ஒன்றுதான், இந்த முறை இரண்டாகிவிட்டது. கெடிலத்தில் வெள்ளம் வந்தபோது பாலத்தில் நின்று முட்டை போண்டா தின்ற கதை. சில்வர் பீச்சில் செருப்பு தொலைந்த கதை. செருப்பைத் தொலைத்தது யார் என்பதில் சண்டை வந்தது. நெய்வேலிக்காரன் பண்ருட்டியான் என்றான், பண்ருட்டியான் என்னைக் காட்டினான். தொலைத்தவன் ஓ.டி. பையன். எனக்கு நன்றாகத் தெரியும்; அவர்களுக்கும் தெரிந்திருக்கும். அவன் பெயர் வந்துவிடக் கூடாதென்று நான்கு பேரும் ஒரு ஜோடிச் செருப்பை ஆளுக்கு ஆள் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை திரும்பும் வழியில் புதுப்பாளையத்தான் வீட்டில் இறங்கினோம். நானும் சும்மா கூடப் போனேன். படத்திலும் இப்படி ஒன்று உண்டு: ராத்திரிக் கூத்தெல்லாம் முடிந்து நண்பர்கள் ஒருத்தனுடைய அம்மா வீட்டுச் சமையலறையில் வந்து தோசை மாதிரி எதையோ சாப்பிடுவார்கள். இங்கே இட்லி, வடைகறி. அவன் அம்மாவுக்கு எண்பது வயது ஆகிறது. கண் சரியாகத் தெரியாது, ஆனால் யார் எத்தனை இட்லி சாப்பிடுவான் என்பது முப்பது வருடத்துக்கு முந்தின கணக்கில் அப்படியே இருக்கிறது. "நீ எட்டு சாப்புடுவியேடா, இன்னாடா மூணோட எழுந்திரிக்கிற" என்று பண்ருட்டியானைக் கேட்டார். அவனுக்குச் சர்க்கரை. அப்புறம் கையை நெற்றிக்கு மேல் வைத்து எங்களை ஒருமுறை பார்த்தார்.

"அந்த ஓ.டி. புள்ள எங்கடா?"

யாரும் பேசவில்லை. மகன்தான், "வேலை இருக்குதாம்மா" என்றான்.

"நல்ல புள்ளடா அது. நீங்கள்லாம் செருப்பு காலோட திமுதிமுன்னு நடுவூட்டுக்கு வந்துருவீங்க. அது மட்டும் கொல்லைப்பக்கமா சுத்தி வந்து தொட்டியில கையைக் கழுவிட்டுத்தான் உள்ள வரும். சட்டப் பையில பாலித்தீன் காகிதத்துல சோப்புத் துண்டு மடிச்சி வெச்சிருக்கும். எங்கூட்டு சோப்ப எடுக்காது. நான்கூட இவங்கிட்ட சொல்லுவேன், பாரு, புள்ளன்னா எப்புடி சுத்தபத்தமா இருக்குதுன்னு."

புதுப்பாளையத்தான் சட்னி எடுக்க உள்ளே போய்விட்டான். போனவன் ரொம்ப நேரம் வரவில்லை.

அந்தச் சோப்பை நானும் பார்த்திருக்கிறேன். சிவப்புச் சோப்பு, ஓரம் தேய்ந்து பிறை மாதிரி இருக்கும். டிபன் நேரத்தில் குழாயடியில் முழங்கை வரைக்கும் தேய்ப்பான், மூக்கில் வைத்து மோந்து பார்ப்பான், மறுபடி தேய்ப்பான். எங்களுக்கு அது ஒரு வேடிக்கை. டாக்டர் ஆபரேஷனுக்குப் போறாருடா என்போம். ஏழாம் வகுப்பில் அவனிடம் சோப்பு கிடையாது. எட்டாம் வகுப்பில், அரையாண்டுப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால், வாத்தியார் கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கிய அவன் பக்கத்தில் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்தார், பார்த்துக் கற்றுக்கொள் என்று. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். உட்கார்ந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. வாத்தியாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சோப்பு வந்தது அதற்குப் பிறகுதான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு முப்பத்தைந்து வருடமும் ஒரு கிழவியின் இட்லியும் தேவைப்பட்டிருக்கின்றன.

விழுந்தவன்

வீட்டுக்கு வந்த பிறகுதான் படத்தில் இன்னொன்று உறைத்தது. அந்தக் குப்பைக்குள் ஒரு முரடன் வருகிறான். பள்ளிக்கூட நாளிலிருந்து கதாநாயகனை மிரட்டிவைத்தவன். அந்த வேடத்தில் மல்யுத்தக்காரர் ஸ்டீவ் ஆஸ்டின், கதவு அகலத்துக்கு இருப்பார். நாற்பது தாண்டியும் சாண்ட்லருக்கு அவனைக் கண்டால் குலை நடுங்கும். கடைசியில் விருந்தில், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, மோதிப் பார்த்துவிடலாம் என்று துணிந்து எதிரே நிற்பார். அடித்தால் எலும்பு மிஞ்சாது. ஆனால் முரடன் தானாக விழுந்துவிடுகிறான். பிள்ளைகள் முன்னால் அப்பன் ஜெயிக்கட்டும் என்று தோற்றுக்கொடுக்கிறான். அந்தக் காட்சியை எடுத்தவர்கள் அதற்கு மெனக்கெட்டதாகவே தெரியவில்லை. சட்டென்று கடந்து அடுத்த அடிதடிக்குப் போய்விடுகிறார்கள். விடுதியில் பார்க்கும்போது எனக்கும் அது ஒன்றுமாகத் தோன்றவில்லை. இப்போது திரும்பத் திரும்ப அதுவே வருகிறது. 2019இல் எனக்கு முன் வரிசையில் ஒரு பதின்மூன்று வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். விழுவதற்கு என்னிடம் ஒரு பேனாவும் ஒரு காகிதமும் இருந்தன.

போன் செய்தால் பேச்சு எங்கே போகும் என்று தெரியும். இரண்டு நிமிடம் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். எனவே மே கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராகவே போனேன். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. துறைமுகப் பக்கம் படகுகளெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. சிலதுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டைக் கண்டுபிடிக்க மூன்று பேரை விசாரித்தேன். மூன்று பேரிடமும் அவனுடைய நிஜப் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் ஆளிடம் அது எனக்குச் சட்டென்று வரவில்லை.

அவன் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "வா, வா, வெயில்ல வந்திருக்க" என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தான். வீட்டில் அம்மாவும் பெண்ணும் மருமகப் பிள்ளையும் ஏதோ விசேஷத்துக்குப் போயிருக்கிறார்கள், சின்னவள் மட்டும் இருக்கிறாள் என்றான். சின்னவள்தான் அவள். பன்னிரண்டு முடித்துவிட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். கணக்கு எடுக்கப்போகிறாளாம். அவன் டீ போட உள்ளே போனான். அவளும் நானும் கூடத்தில்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் கணக்கிலேயே தொடங்கினேன். "உங்க அப்பா இல்லன்னா நான் பிளஸ் டூவே தாண்டியிருக்க மாட்டேம்மா. காலாண்டுல இருநூத்துக்கு முப்பத்தொண்ணு வாங்கிட்டு, பேப்பரை வீட்ல காட்டப் பயந்துகிட்டு போர்ட் ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்து அழுதுகிட்டு இருந்தேன். உங்க அப்பா வந்து பக்கத்துல உக்காந்தாரு. அப்பல்லாம் கரண்டு சரியா இருக்காது. பிளாட்பாரத்து வெளிச்சத்துல ரெண்டரை மாசம் சொல்லிக்குடுத்தாரு. கடைசியில நூத்தி நாப்பத்திரெண்டு." அத்தனையும் நிஜம். கடலூர் துறைமுகம் சந்திப்பில் அந்த நாளில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு ஈ காக்கை இருக்காது. ரயில் வரும்வரை இடமெல்லாம் எங்களுடையது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு கூட்டத்திலும் ஸ்கூட்டர் கதைதான் சொன்னேன். அவள் சிரித்தாள். "முப்பத்தொண்ணா!" என்றாள்.

"இன்னொண்ணும்மா. அன்னைக்கு ஸ்கூல்ல மேடையில கூப்பிட்டாங்களே, அந்தப் பேரு. அதை வெச்சது நான்தான். எட்டாவதுல."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது, பிரியம் என்றும் சொல்ல முடியாது.

"தெரியும் அங்கிள்" என்றாள். "அப்பா சொல்லியிருக்காரு."

உள்ளேயிருந்து டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. அவன் டீயோடு வந்தான். சர்க்கரை போதுமா என்று கேட்டான். குழுவில் எல்லோரும் சௌக்கியமா, பண்ருட்டியானுக்குத் தோப்பு மறுபடி வந்துவிட்டதா என்று கேட்டான். புதுசாக வைத்த கன்று காய்க்கத் தொடங்கியிருக்கிறது என்றேன். புதுப்பாளையத்து அம்மா உன்னைக் கேட்டார்கள் என்றேன். அதற்கு மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "கண்ணு தெரியுதா அவங்களுக்கு?" என்றான். மறுபடி குழுவில் சேருகிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்றுதான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு போனேன்.

கிளம்பும்போது, "இரு" என்று பக்கத்தில் தம்பியின் கொட்டகைக்குப் போய் ஒரு பொட்டலத்தோடு வந்தான். தினத்தாளில் சுற்றி, அதற்கு மேல் பாலித்தீன் பை, வாயைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. "நல்ல வெயில்ல காஞ்ச சரக்கு. நெத்திலி ஒரு பக்கம், வாளை ஒரு பக்கம். வீட்ல சாப்புடுவாங்கல்ல?" என்றான். சாப்பிடுவார்கள் என்றேன். என் வீட்டில் கருவாடு வாங்கிப் பல வருடமாகிறது; அடுக்குமாடி, பக்கத்து வீட்டுக்காரர்கள் முணுமுணுப்பார்கள் என்று விட்டுவிட்டோம். அவன் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுக் கையைப் பின்னால் துடைத்துக்கொண்டான். அது பழக்கமா, வேறெதுவுமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பொட்டலத்தை அவன் எந்த அர்த்தத்தில் கொடுத்தான் என்றும் சொல்லத் தெரியவில்லை. நேற்றுவரை யோசித்துவிட்டேன்.

திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் பாண்டி வண்டி ஏறினேன். பிரைவேட் வண்டி, சாயங்காலக் கூட்டம், பாட்டுச் சத்தம். உட்கார இடம் கிடைத்தது, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டேன். ஆல்பேட்டை தாண்டுவதற்குள் வாசம் வண்டி முழுக்கப் பரவிவிட்டது. முன் சீட்டில் இருந்த பெண் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னலை முழுசாகத் தள்ளினார். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பாலத்தைத் தாண்டியதும் கண்டக்டர் பின்னாலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தார். "யாரு ரெட்டிச்சாவடி? யாரு கன்னியக்கோயில்? கிருமாம்பாக்கம் யாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், நடு வண்டியில் நின்று மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.

"யாருப்பா கருவாடு?"

வண்டி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நான் கையைத் தூக்கினேன்.